நர்ஸம்மாவுக்கு ஒரு நாள் தேக்கடி

சங்கரன்கோவிலில் முப்பிடாதியம்மாள் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நர்ஸம்மா வீடு என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேர் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். பாளையங்கோட்டையில் மிட்வைஃப் படிப்பு படித்துவிட்டு முப்பது வயதில் இந்த ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்தவள், இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முழு நாள் ஊரை விட்டு வெளியே போனதில்லை. மெய்யாகத்தான் சொல்கிறேன், ஒரு நாள்கூட இல்லை. கூடப் பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்கு வாசுதேவநல்லூர் போனாள். தாலி கட்டியதும் பந்தியில்கூட உட்காராமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டாள். தங்கச்சி ரெண்டு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தனக்குத் தலைப்பிரசவம் வந்தபோது தானாகவே பேசினாள்.

வாய் மட்டும் பொல்லாத வாய். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, கத்துத தெம்பைக் கீழ காட்டு" என்பாள். வெளியே உலாத்துகிற புருஷன்காரனைப் பார்த்து, "நீ எதுக்குலே இப்படி நடக்கே, வலி உனக்கா?" என்பாள். பிள்ளை பிறந்து அழுததும் அதே வாய் சர்க்கரையாக மாறிவிடும். ஊரே அவளுக்குப் பயப்படும், ஊரே அவளைத்தான் தேடும்.

வாடகைக் கார் ஓட்டுகிற துரைப்பாண்டி அவள் பேரைக் கேட்டாலே தோளில் கிடக்கிற துண்டை இறக்கிக்கொள்வான். காரணம் அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள். ஐம்பத்திரண்டாம் வருஷம் அவளுக்கு மூன்றாவது பிரசவம். பிள்ளை காலை முன்னே நீட்டிக்கொண்டு வந்தது. பிறந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. நர்ஸம்மா மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கட்டில் காலடியிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் காலையில் சுந்தரம்மாள் கண்ணைத் திறந்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டாள். துரைப்பாண்டி போய் நர்ஸம்மா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சொல்ல வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"என்னலே மரம் மாதிரி நிக்கே?"

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, நர்ஸம்மா."

அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே, "உன்கிட்டதான் பிளசர் இருக்கே. ஒரு நாள் என்னைக் கூட்டிக்கிட்டுப் போயி யானை காட்டு" என்றாள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காருக்குப் பிளசர் என்றுதான் பேர்.

"கோயில் யானையையா?"

"அதைத்தான் தினமும் பார்க்கேனே. யாரும் கட்டிப்போடாத யானைலே."

அவள் பிறந்து வளர்ந்தது வாசுதேவநல்லூர் மலையடிவாரம். வாழைத் தோட்டத்தில் யானை இறங்கினால் ஆண்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெண்பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். பிளிறலைக் கேட்டிருக்கிறாள், மறுநாள் சேற்றில் பதிந்த கால்தடத்துக்குள் நின்று விளையாடியிருக்கிறாள், ஆனால் யானையை மட்டும் பார்த்ததில்லை. ஒரு பேச்சுக்குத்தான் இதையெல்லாம் சொன்னாள். துரைப்பாண்டி ஒரே மூச்சில் "காட்டுதேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது லேசா? ஏலக்காய் லாரி ஓட்டுகிறவர்களிடம் விசாரித்து விசாரித்துத் தேக்கடியைக் கண்டுபிடித்தான். கம்பம் தாண்டி, குமுளி மலை ஏறினால் மலையாள எல்லைக்குள் பெரிய ஏரி. சுற்றிலும் சர்க்கார் காடு, வேட்டை கிடையாது. மிருகங்கள் கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும், படகில் இருந்தபடியே பார்க்கலாம். ஆனால் ஒரு மணி நேரம் கூட்டத்தோடு கூட்டமாகப் படகில் போய்வந்தால் மரத்தைத்தான் பார்க்கலாமாம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை படகைத் தனியாக அமர்த்திக்கொண்டு, ஓர் ஓரமாக ஒதுங்கிச் சத்தம் போடாமல் காத்துக்கிடந்தால்தான் யானை மனசு வைக்கும். ஹைஸ்கூல் வாத்தியார் சங்கரசுப்பிரமணியன் சார் இங்கிலீஷில் கடிதாசு எழுதிக் கொடுத்தார். தேதி போட்டுப் பதிலும் வந்துவிட்டது.

முதல் தடவை கார்த்திகை மாசம். காரில் ஏறி உட்கார்ந்தாள், ராஜபாளையம்கூட வரவில்லை, "அந்த வடக்குத் தெருப் பிள்ளைக்குக் கால் வீக்கம் சரியில்லைலே, வண்டியைத் திருப்பு" என்றாள். இரண்டாவது தடவை தை மாசம். ஏறவே இல்லை, இரட்டைப் பிள்ளை. துரைப்பாண்டி நொந்து போய்க் கார் நிறுத்துகிற இடத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். அது அவனுடைய சேக்காளி முகம்மது மைதீனின் கடை.

"நீரு நாள் பார்த்த லட்சணம் அப்படி" என்றான் மைதீன், ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே. "நர்ஸம்மா எதுக்குப் போக மாட்டேங்காவ? தலைப்பிரசவத்துக்குத்தானே? மத்த பிள்ளைகளை ஆயா ஆறுமுகத்தாயே பார்த்துக்கிடுவா. அப்ப, தலைப்பிரசவம் இல்லாத மாசமாப் பாரும்."

"அப்படி ஒரு மாசம் எங்கன வே இருக்கு?"

"இருக்கே! ஆடி பிறந்தா உங்க ஆளுக என்ன செய்யுதீய? புதுப்பொண்டாட்டியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிருதியள்லா? ஆடியில சேர்ந்தா சித்திரையில பிள்ளை பிறக்கும், வெயில் தாங்காதுன்னு. அப்பச் சித்திரையில எவ வே தலைப்பிள்ளை பெறுவா? எங்க தெருவையும் விசாரிச்சுட்டேன், சித்திரைக்கு ஒருத்தியும் இல்லை."

துரைப்பாண்டி எழுந்து நின்றுவிட்டான். அவன் பிறந்து வளர்ந்த வழக்கம், அவன் புத்திக்கு எட்டவில்லை பாருங்கள்! அதற்கும் மேலே ஒரு சௌகரியம். சித்திரையில்தான் மேலே காட்டில் ஓடைகள் வற்றி யானைகள் ஏரிக் கரைக்கு வரும் என்று லாரிக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். சங்கரசுப்பிரமணியன் சார் மறுபடியும் பேனாவைத் திறந்தார். ஐம்பத்திநாலாம் வருஷம், சித்திரை பதினெட்டு, படகு முழு நாளும் அவர்களுக்கு என்று பதில் வந்தது.

நர்ஸம்மா தன் நோட்டைப் புரட்டினாள். சித்திரையில் தலைச்சன் யாருமே இல்லை. கடைசியாக இருந்தது மேலத் தெருக் கோமதித்தாய், அவளுக்கும் வைகாசிக் கடைசிதான். "அவ வயிறு மட்டும் கொஞ்சம் பெருசாத் தெரியுது. ஆனா ஆத்தாளும் மகளும் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லுதாளுவ" என்றாள். துரைப்பாண்டி அடுத்த பேச்சுக்கு இடம் கொடுக்கவில்லை.

அவன் போட்ட திட்டம் இதுதான். பதினேழாம் தேதி மத்தியானம் கிளம்புவது. ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், உசிலம்பட்டி, தேனி வழியாகப் போய் இருட்டுகிற நேரத்துக்குக் கம்பம். அங்கே சுந்தரம்மாளின் அண்ணன் வீட்டில் படுக்கை. விடியும் முன்னே மலை ஏறினால் ஆறு மணிக்குப் படகு. சுந்தரம்மாளும் துணைக்கு வருவாள். ரேடியேட்டருக்கு ஒரு குடம் தண்ணீர், சாப்பாட்டுக்குப் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். படகில் யாரும் பூ வைத்துக்கொள்ளக் கூடாது, வாசனை பிடித்து யானை ஒதுங்கிவிடுமாம். நர்ஸம்மாவுக்கென்று தனியாக ஒரே ஒரு நிபந்தனை: பிரசவப் பையைத் தொடக் கூடாது.

"கத்தரிக்கோல்கூட வேண்டாமாலே?"

"யானைக்கு நீங்களா தொப்புள்கொடி அறுக்கப் போறீய? வேண்டாம்."

ஊருக்கே விஷயம் தெரிந்து போயிற்று. மாவு இடித்துக் கொடுத்தவள், முறுக்குச் சுட்டுக் கொடுத்தவள், வெயிலுக்குக் குடை கொண்டுவந்து கொடுத்தவள் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒரே பெண்கள் கூட்டம். அத்தனை பேரும் அவளிடம் பிள்ளை பெற்றவர்கள். "நாங்க மூணு நாளைக்கு மூச்சுக்கூட விட மாட்டோம், நர்ஸம்மா. சந்தோஷமாப் போயிட்டு வாங்க" என்றார்கள். நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நாலு பேரைத் திட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். துரைப்பாண்டி முன்னால் போய் ஹேண்டிலைச் சுற்றினான், வண்டி ஒரே சுற்றில் உறுமியது.

ஊர் எல்லையில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி வர நேரமாகும் என்றான் கேட்காரன். துரைப்பாண்டி இறங்கி பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினான். பின் சீட்டில் சுந்தரம்மாளும் நர்ஸம்மாவும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சந்து வழியாக ஒருத்தன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான். திருவேங்கடத்துக்காரன், கோமதித்தாயின் புருஷன் வேல்சாமி. பெண்டாட்டியைப் பார்க்க மாமியார் வீட்டுக்கு வந்திருந்தவன். மூச்சு வாங்கப் பானெட் மறைவில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, கோமதிக்கு விடியக்காலையில இருந்து வலி."

துரைப்பாண்டிக்குக் குடம் கையில் அப்படியே நின்றுவிட்டது. "வைகாசிதானலே?"

"அவ வாயில துணியை வச்சுக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கா. நர்ஸம்மா கார் கேட்டைத் தாண்டுற வரைக்கும் யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அவ பிறந்தப்ப எடுத்த கையும் அதுதான், ஒரு நாளாவது அந்தக் கை சும்மா இருக்கட்டும்னு சொல்லுதா. ஆறுமுகத்தாய் கூட இருக்கா. எனக்குத்தான் பயமா இருக்கு. நர்ஸம்மாகிட்டச் சொல்லவும் முடியலை, சொல்லாம இருக்கவும் முடியலை. நீங்க சொன்னாச் சரி, அண்ணாச்சி."

தூரத்தில் ரயில் ஊதியது. துரைப்பாண்டி குடத்தைக் கீழே வைத்தான். சொல்லிவிட்டால் இன்றைக்கும் போச்சு. மூன்றாவது தடவை. இனி அவள் காரில் ஏறவே மாட்டாள், அது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். சொல்லாவிட்டால்? ஆறுமுகத்தாய் கைராசிக்காரிதான், நூறு பிரசவம் பார்த்தவள்தான். ஒன்றும் ஆகாது என்று ஒரு மனசு சொன்னது. கேட் திறந்ததும் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், நாளைக்கு இந்நேரம் யானை. நர்ஸம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஒரு மனுஷிக்கு ஒரு நாள் கொடுக்கக்கூடாதா என்று கோமதித்தாயே சொல்லும்போது இவன் யார் குறுக்கே நிற்க?

கூட்ஸ் வண்டி தடதடவென்று வந்தது. ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்குத் அந்தப் பிரசவக் கட்டில் நினைப்பு வந்தது. சுந்தரம்மாளுக்கு ரத்தம் போன அன்றைக்கு, "ஆறுமுகத்தாய் போதும்" என்று யாராவது ஒருத்தர் நல்ல மனசோடு நினைத்திருந்தால் இந்தப் பின் சீட்டில் சிரிக்க ஆள் இருந்திருக்காது. கேட்காரன் கேட்டைத் தூக்கினான். பின்னால் நின்ற மாட்டுவண்டிக்காரன், "போவும் வே!" என்று கத்தினான்.

துரைப்பாண்டி பானெட்டை மூடினான். பின்கதவைத் திறந்தான்.

"நர்ஸம்மா, கோமதித்தாய்க்கு வலி எடுத்துருச்சு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லியிருக்கா. எனக்கு மனசு கேட்கலை."

நர்ஸம்மா சிரிப்பை நிறுத்தினாள். "எட்டாம் மாசமாச்சேலே!" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நொடி குனிந்து, சீட்டுக்கு அடியில் புளியோதரைத் தூக்குவாளிக்குப் பின்னாலிருந்து பிரசவப் பையை இழுத்தாள். சுந்தரம்மாள் முழித்த முழியைப் பார்த்தால் பையை ஒளித்து வைத்ததே அவள்தான் என்று தெரிந்தது. "என்னலே பார்க்கே, வண்டியைத் திருப்பு!"

கோமதித்தாய் வீட்டில் ஆண்களை முற்றத்துக்கு விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். முதலில் நர்ஸம்மாவின் வசவு கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவள் திட்டாமல் இருந்தால் விஷயம் கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். வேல்சாமி சுவரில் சாய்ந்து அழுதான். துரைப்பாண்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, சங்கரநாராயணரையும் கோமதியம்மனையும் மாறி மாறிக் கூப்பிட்டான். நாலரை மணி சுமாருக்கு ஒரு குழந்தை வீரிட்டது. அடேயப்பா, என்ன சத்தம்! மேலத் தெருவே கேட்டிருக்கும்.

முதலில் வெளியே வந்தவள் ஆறுமுகத்தாய். தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கழுத்துல கொடி ரெண்டு சுத்து, அண்ணாச்சி. நான் மட்டும் இருந்திருந்தா..." என்றாள்.

பின்னாலேயே நர்ஸம்மா பிள்ளையோடு வந்தாள். முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு. "ஏலே வேல்சாமி, இங்க வா. இது எட்டு மாசப் பிள்ளையாலே? நகத்தைப் பாரு, விரலைத் தாண்டி வளர்ந்து நிக்கு. பத்து மாசமும் நிறைஞ்ச பிள்ளை. அப்ப நீ எப்பலே வந்தே? ஆடியிலயா?"

வேல்சாமி தலையைத் தொங்கப்போட்டான். "தபசு பார்க்க வந்தேன், நர்ஸம்மா."

அவ்வளவுதான், முற்றம் அதிர்ந்தது. மைதீன் போட்ட கணக்கு, துரைப்பாண்டி தலையாட்டிய கணக்கு எல்லாம் சரிதான். ஆடியில் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள், வாஸ்தவம். ஆனால் கோமதித்தாயின் பிறந்த வீடு எந்த ஊர்? சங்கரன்கோவில். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார சனம் முழுக்க எங்கே வந்து கூடும்? அதே சங்கரன்கோவில்! சாமி பார்க்க வந்த மாப்பிள்ளையை எந்த மாமியார் போ என்று சொல்லுவாள்? நடந்தது நடந்துவிட்டது. அந்த வெட்கத்தில் தாயும் மகளுமாகச் சேர்ந்து ஒன்றரை மாசத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள்.

கோமதித்தாயின் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "மூடாத, மூடாத" என்றாள் நர்ஸம்மா. "அம்மனே சாமியைப் பார்க்கணும்னு ஒத்தைக் காலில தவம் நிக்கா. இவ புருஷனைப் பார்த்தா குத்தமா? பார்த்தது குத்தமில்லைட்டி. எங்கிட்ட மாசத்தை மறைச்சேல்லா, அதுக்குத்தான் உன்னை வெளுக்கணும்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கோமதித்தாயின் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது இறங்கியபோது வெளியே வந்து துரைப்பாண்டி பக்கத்தில் நின்றாள்.

"கேட்டுல நின்னு எவ்வளவு நேரம்லே யோசிச்சே?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "கூட்ஸ் வண்டி போற வரைக்கும்."

"கூட்ஸ் வண்டி நீளம்லே" என்றாள். குரலில் கோபமில்லை. "இந்த ஊர்ல எனக்கு ஒரே ஒரு பயம்தான். என் மேல உள்ள பிரியத்துல யாராவது எங்கிட்டச் சொல்லாம விட்டுருவாங்களோன்னு. நீ சொல்லிட்டே. நல்லா இருப்பே. ஆனா அடுத்த தடவை அவ்வளவு நேரம் யோசிக்காதே."

யானை போய்விட்டது என்றுதான் துரைப்பாண்டி நினைத்தான். ஆனால் மைதீன் அதற்குள் குமுளிக்கு ஒரு தந்தி அடித்துவிட்டு வந்திருந்தான், பிரசவத்தால் தாமதம், படகை வைத்திருக்கவும் என்று. நர்ஸம்மா இரவு முழுக்கக் கோமதித்தாய் பக்கத்தில் இருந்து பார்த்தாள். கோழி கூப்பிடுகிற நேரத்துக்கு, ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை, பிள்ளை பால் குடிக்கிறது என்று உறுதியானதும் கோமதித்தாயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க போகலைன்னா நான் இந்தப் பிள்ளைக்குப் பால் கொடுக்க மாட்டேன்" என்று மிரட்டினாள். நர்ஸம்மா அவளை ஒரு வசவு வைதுவிட்டு வந்து காரில் ஏறினாள்.

வழியில் ஒரு டயர் வெடித்தது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் ரேடியேட்டர் கொதித்தது. தேக்கடிக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. முழு நாளில் மிஞ்சியது மூன்று மணி நேரம். படகுக்காரர் தந்தியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். "பிரசவம்னு போட்டிருந்துச்சு, அம்மா. வேற யாருக்கும் கொடுக்க மனசு வரலை" என்றார். நர்ஸம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

தண்ணீருக்குள் மொட்டை மரங்கள் நின்றன. படகுக்காரர் ஒரு மூலையில் ஒதுக்கித் துடுப்பைத் தூக்கிவிட்டார். ஒரு மணி நேரம் ஒன்றுமே இல்லை. கொக்கு வந்தது, மிளா மான் வந்தது, போயிற்று. துரைப்பாண்டி பொழுதையே பார்த்துக்கொண்டிருந்தான், காடு கைவிட்டுவிடுமோ என்று. வெயில் சாய்ந்த நேரம், புல்லுக்குள்ளிருந்து முதலில் ஒரு பெரிய பெண்யானை வந்தது. பின்னால் நாலு. அதுகளின் கால்களுக்கு நடுவே, தும்பிக்கையை என்ன செய்வதென்றே தெரியாமல் ஆட்டிக்கொண்டு ஒரு குட்டி.

சுந்தரம்மாளுக்குத் தாங்கவில்லை. பிள்ளையாரே நேரில் வந்த மாதிரி, குலவை போட வாயைக் குவித்துவிட்டாள். நர்ஸம்மா எட்டி அந்த வாயைப் பொத்தினாள். "ஏட்டி, கொன்னுருவேன்" என்றாள், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

யானைகள் தண்ணீர் குடித்தன. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து பாலைத் தேடியது. மற்றவை சுற்றி நின்றுகொண்டன. நர்ஸம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"இது பிறக்கையில என்னை யாரும் கூப்பிடலை, பாருலே" என்றாள் மெல்ல. "நான் இல்லாமயே நல்லாப் பிறந்திருக்கு. நல்லாப் பால் குடிக்கு. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லை." சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைத் துரைப்பாண்டி அதுவரை பார்த்ததில்லை.

அவள் கை ரெண்டும் மடியில் சும்மா கிடந்தன. சுந்தரம்மாளோ, பொத்தின கையை எடுத்த பிறகும் வாயை மூட மறந்து, யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டு வருஷமாக வாயில் வராத சொல் துரைப்பாண்டிக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

"நர்ஸம்மா, இவ இன்னைக்கு உயிரோட இருக்கது உங்களாலதான்."

"தெரியும்லே" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "நீ யானையைப் பாரு."